வேணாம் விடு

மாசி பிறந்ததிலிருந்து சவேரியார்பட்டியில் இரண்டே சொற்கள்தான் வாய்க்கு வாய் அலைந்துகொண்டிருந்தன. வேணாம் விடு. பிள்ளை இன்னொரு இட்லிக்கு முகம் சுளித்தால் வேணாம் விடு. ஆவூர் பஸ் நிற்காமல் போனால் வேணாம் விடு. டீயில் சர்க்கரை கூடிப்போனால்கூட வேணாம் விடு. அன்புச்செல்வியைக் கண்டதும் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்வார்கள். அவள் நாலு எட்டு தள்ளிப் போனதும் மறுபடி ஒருமுறை சொல்லிச் சிரிப்பார்கள். இந்த ஊருக்கு வேறு பொழுதுபோக்கு இல்லை, என்ன செய்வது.

அதைச் சொன்னவர் அவளுடைய வீட்டுக்காரர் சார்லஸ். குவைத்தில் ஏசி மெக்கானிக். மகள் ஷீபாவுக்குப் பூ வைக்க அன்னவாசலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, தகப்பன் இல்லாத குறை தெரியக்கூடாது என்று போனை வீடியோவில் போட்டு, சத்தத்தைக் கூட்டி, நடுக்கூடத்து ஸ்டூலில் ஒரு சொம்பின் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை கார்முகிலின் பெரியப்பா ராக்கன்தான் அந்தக் குடும்பத்துக்குப் பெரியவர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சம்பந்தி, ஒங்களுக்குச் சம்மதந்தானே?" என்று கேட்டார்.

போனில் சார்லஸ் தெளிவாகத் தெரிந்தார். அவர் பேசியதும் கணீரென்று கேட்டது. இங்கே பேசியதுதான் அவருக்குப் போய்ச் சேரவில்லை. "அலோ... அலோ... யாராச்சும் பேசுங்கப்பா" என்று கொஞ்ச நேரம் கத்தினார். பிறகு சலித்துப்போய், வெட்டிவிட்டு மறுபடி கூப்பிடலாம் என்ற எண்ணத்தில், "சரி, வேணாம் விடு" என்றார். படம் அணைந்தது.

கூடத்தில் இருந்தவர்களுக்குக் கேள்வியும் கேட்டது, பதிலும் கேட்டது. ராக்கன் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். சார்லஸின் தம்பி ஞானமணி வேன் வரைக்கும் பின்னாலேயே ஓடி, இது போன் செய்த கோளாறு, அண்ணன் மனசில் ஒன்றும் இல்லை என்று கும்பிட்டுக் கெஞ்சிய பிறகுதான் மனிதர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"போன் கோளாறோ மனுசன் கோளாறோ, எனக்குத் தெரியாது" என்றார் ராக்கன். "விபூதி புதன் வருது, தவக்காலம் பொறந்தா விசேசம் வைக்க முடியாது. அதுக்கு முந்துன ஞாயித்துக்கெழம நிச்சயத்த வச்சுக்குவோம். பாக்கு மாத்தும்போது நான் மூணு தரம் கேப்பேன். பொண்ணப் பெத்தவரு மூணு தரமும் என் காதுல விழுற மாதிரி பதில் சொல்லணும். சித்தப்பன் சொல்றேன், தாய்மாமன் சொல்றேன்னு யாரும் வரக்கூடாது. தகப்பன் உசுரோட இருக்கையில வேற ஆளு வாயால பொண்ணு வாங்குன பழக்கம் எங்க வகையறாவுல இல்ல. இல்லாட்டி பாக்குத் தாம்பாளத்த எடுத்துக்கிட்டு நாங்க எங்கிட்டாச்சும் போறோம்."

அந்தப் பக்கத்தில் பாக்கு மாற்றுவது அப்படித்தான். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் தாம்பாளத்தை நீட்டி, 'பாக்கு ஒங்களுது, பொண்ணு எங்களுதா' என்று கேட்க வேண்டும். பெண்ணின் தகப்பன், 'பாக்கு எங்களுது, பொண்ணு ஒங்களுது' என்று சொல்லித் தாம்பாளத்தைத் தொட வேண்டும். பெண்ணின் வீட்டில், பெண்ணின் வாசலுக்குள்தான் இது நடக்க வேண்டும். சார்லஸுக்கு ஈஸ்டர் கழித்துத்தான் லீவு. தொடுவதற்கு ஞானமணியின் கையை ராக்கன் ஒத்துக்கொண்டார். சொல்வதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஷீபா திருச்சியில் நர்ஸ். கார்முகில் அங்கேதான் லேப்பில் வேலை. இரண்டும் தாங்களாகவே பார்த்துப் பேசி, வீட்டுக்குத் தெரிவித்து, இரண்டு வீடும் சரி என்று சொல்லி வந்த சம்பந்தம். அன்றிலிருந்து ஷீபா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் தாய்க்குத் தாங்கவில்லை. சண்டை போட்டிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பாள்.

கோளாறு ஐப்பசி மழையிலிருந்து இருக்கிறது. போனில் நாலு கோடும் நிமிர்ந்து நிற்கும். எதிராளி பேசுவது கேட்கும். நாம் பேசுவது போகாது. ஊரில் இருப்பது ஒரே டவர். வேறு கம்பெனி சிம் போட்டால் மொட்டைமாடியில் ஏறி நின்றாலும் ஒரு கோடு வராது. கேபிள் நெட் ஆவூரோடு நின்றுவிட்டது. புகார் நம்பருக்கு அடித்தால், அங்கே இருக்கிற பெண் "வணக்கம், தங்கள் குரல் கேட்கவில்லை" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிடும். அன்புச்செல்வி ஆவூர் ரோடு வரைக்கும் நடந்து, அங்கே நின்று கத்தினாள். தினமும் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் கத்தினாள். எடுத்த பெண்களுக்கெல்லாம் அவள் பேர் மனப்பாடம் ஆகிவிட்டது.

இன்னொன்றையும் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "கரண்டு போனா போன் நல்லாருக்குங்க. கரண்டு வந்தா போன் போயிருது." கம்பெனிக்காரர்களும் சிரித்தார்கள், ஊரும் சிரித்தது. அதனால் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

கடைசியில் போன வாரம் கம்பெனி ஜீப்பில் ஒரு பெண் வந்தாள். சத்யபிரியா என்று பேர், குடுமியான்மலைப் பக்கத்துப் பிள்ளை. டவரில் ஆளை ஏற்றி, ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளி நிறப் பெட்டி ஒன்றை மாட்டச் சொன்னாள். பில்டராம். அன்புச்செல்வி சும்மா இருப்பாளா? வேலிக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"போன்ல இருந்து டவருக்கு மேல போற பேச்சுக்கு ஒரு வழிக்கா. டவர்ல இருந்து கீழ வர்றதுக்கு இன்னொரு வழி" என்றாள் சத்யபிரியா. "கீழ வர்ற வழி சுத்தமா இருக்கு. அதான் அவர் பேசுறது ஒங்களுக்குக் கேக்குது. மேல போற வழியில என்னமோ ஒண்ணு ஓயாம கத்திக்கிட்டிருக்கு. டவரு காதுல அதுதான் விழுது, ஒங்க பேச்சு விழல. இந்த பில்டரு அக்கம்பக்கத்து வழியில உள்ள சத்தத்தையெல்லாம் உள்ள விடாது. ஆனா நம்ம வழிக்குள்ளயே நின்னு ஒருத்தன் கத்துனா இதால ஒண்ணும் பண்ண முடியாது. அவனத் தடுத்தா ஒங்களயும் சேத்துத் தடுத்துரும்."

"தெரியுது தெரியுது. சொளகுல பொடச்சா தவிடு, உமியெல்லாம் பறந்துரும். அரிசி கனத்துக்கே இருக்குற கல்லு பறக்காது. கையாலதான் பொறுக்கணும்."

"அதேதாங்க்கா. இந்த ஊர்லதான் எங்கிட்டோ இருக்கு அந்தக் கல்லு. யார் வீட்டுலயோ சிக்னல இழுக்குற திருட்டு பூஸ்டர் மாட்டியிருப்பாங்க. பொறுக்குற மிசின் கந்தர்வக்கோட்டைப் பக்கம் போயிருக்கு, அடுத்த வாரம் எடுத்தாரேன்."

பில்டர் மாட்டியதும் பாதி தேறியது. பத்து வார்த்தை பேசினால் நாலு போனது. அதை வைத்துக்கொண்டு பெண்ணைக் கட்டிக்கொடுக்க முடியுமா? யார் வீட்டிலோ என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போன சாயங்காலம், அன்புச்செல்வி நடுத்தெருவில் நின்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எவ வீட்டுல அந்தச் சனியன் இருக்கோ, அவ வாசல்ல வாளி நெறயா சாணியக் கரச்சு ஊத்தலன்னா நான் அன்புச்செல்வி இல்ல. கேட்டுக்கங்க எல்லாரும்." எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். எதிர்வீட்டுச் சந்தனம் தின்பண்டத்தை மென்றுகொண்டே தலையை ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. முதல் பூசைக்குப் போய்விட்டு வந்து ஆறிய இட்லியை நின்றபடியே விழுங்கிவிட்டு அன்புச்செல்வி அடுப்பைப் பற்றவைத்தாள். பனி விலகுவதற்கு முன்பே வெயில் சுள்ளென்று இறங்கியது, மாசி பாதிக்கு மேல் அப்படித்தான். கொல்லையில் ஒரு பக்கம் கேசரிக்கு ரவையை நெய்யில் வறுத்தார்கள். ஒரு பக்கம் முருங்கைக்காயையும் ஆட்டு எலும்பையும் போட்டுக் குழம்பு கொதித்தது. பந்தல்காரர்கள் வாசலில் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். சந்தனம் தன் வீட்டு வேலையை விட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஞானமணி மட்டும் நிலைகொள்ளாமல் அலைந்தான்.

"மதினி, நான் ஒரு யோசன சொல்லவா? லைன்மேன எனக்குத் தெரியும். அஞ்சு மணிக்கு டிரான்ஸ்பார்மர்ல பியூஸப் புடுங்கச் சொல்லிருவோம். கரண்டு போனா போன் நல்லாருக்கும்னு நீங்கதான சொன்னீங்க?"

"வேர்த்து விறுவிறுத்து இருட்டுக்குள்ள நிச்சயம் பண்ணவா? ராக்கன் அண்ணன் அதுக்கும் ஒரு அர்த்தம் கண்டுபுடிப்பாரு. போய் வாழையெல கட்டு வந்துருச்சான்னு பாரு."

அப்போது ஜீப் சத்தம் கேட்டது. சத்யபிரியா சொன்ன வாரத்திலேயே வந்துவிட்டாள். அன்புச்செல்வி கரண்டியைச் சந்தனத்திடம் கொடுத்துவிட்டு ஓடினாள்.

கையில் பிடிக்கிற மாதிரி, மீன்முள் வடிவத்தில் ஒரு ஏரியல். அதிலிருந்து வயர் ஓடி, கழுத்தில் மாட்டிய மிஷினுக்கு வந்தது. மிஷினின் திரையில் கீழிருந்து மேல்வரைக்கும் பச்சைக் கோடுகள் மண்டிக்கிடந்தன.

"என்னம்மா இது, கோரைக் காடு மாதிரி இருக்கு?"

"டவரு பக்கத்துல நின்னு கத்துதுல்ல, அது இதோட காத அடச்சிருச்சு. இப்பப் பாருங்க." சத்யபிரியா பையிலிருந்து கட்டைவிரல் தடிமனில் ஒரு பித்தளைக் குழலை எடுத்து ஏரியலுக்கும் வயருக்கும் நடுவே திருகினாள். "இதுவும் பில்டர்தான். மேல போற வழிய மட்டும் உள்ள விடும்."

கோரை முழுக்க விழுந்துவிட்டது. வெறிச்சென்ற திரையில் ஒரே ஒரு மேடு மட்டும் நின்று துடித்தது. அன்புச்செல்விக்கு உடம்பு சிலிர்த்தது. ஐப்பசியிலிருந்து தன் பேச்சைத் தின்றுகொண்டிருந்தவனை முதன்முதலாக நேருக்கு நேர் பார்க்கிறாள்.

"இவந்தானா?"

"இவந்தான். வாங்க."

சத்யபிரியா ஏரியலை இடமும் வலமும் திருப்பிக்கொண்டே நடந்தாள். திருப்பும் திசைக்கு ஏற்ப மேடு குட்டையானது, நெட்டையானது. நெட்டையான பக்கம் நடந்தார்கள். மாதா சிலை வைத்த கெபியைத் தாண்டிப் பெரிய தெருவில் நுழைந்ததும் பந்தல்காரர்கள் சுத்தியலோடு சேர்ந்துகொண்டார்கள். ரேஷன் கடை முக்கில் இன்னும் ஒரு கூட்டம் சேர்ந்தது. எந்த வீட்டுக்கு நேராக ஏரியல் திரும்புகிறதோ அந்த வீட்டு ஆட்கள் ஒரு கணம் மூச்சை அடக்கிக்கொண்டு, அது நகர்ந்ததும் தாங்களும் கூட்டத்தில் சேர்ந்து அடுத்த வீட்டைப் பார்த்தார்கள்.

பள்ளிக்கூடத்துச் சுவர்ப் பக்கம் வந்தபோது மேடு பொசுக்கென்று மறைந்துவிட்டது. சத்யபிரியா மிஷினைத் தட்டினாள். பேட்டரியைப் பார்த்தாள். தெருவில் ஓடிக்கொண்டிருந்த டிவி சத்தமெல்லாம் நின்றிருப்பதை ஞானமணிதான் கவனித்தான்.

"கரண்டு போயிருச்சு" என்றான்.

எல்லாரும் அன்புச்செல்வியைப் பார்த்தார்கள். இத்தனை மாதம் சிரித்தவர்களின் முகத்தை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருப்தியடைந்தாள். "நான் சொன்னேன்ல? சொன்னேன்ல?"

"நீங்க சொன்னது சரிதாங்க்கா. கரண்டுல ஓடுற சாமான். திரும்பக் கரண்டு வந்தாத்தான் புடிக்க முடியும்."

வெயிலில் நின்று காத்திருந்தார்கள். மணி ஓடிக்கொண்டிருந்தது. டிவிக்காகக் கரண்டு கேட்கிற ஊர், ஒரு மிஷினை வெறித்துக்கொண்டு கரண்டு வர வேண்டும் என்று நின்றது அன்றைக்குத்தான் இருக்கும். எங்கோ ஒரு மிக்சி கர்ரென்று கத்தியது. அதே நொடியில் மேடு எழும்பியது. கூட்டம் 'ஓ'வென்று கத்தியது.

மேட்டைப் பின்தொடர்ந்து அன்புச்செல்வியின் தெருவுக்கே வந்து சேர்ந்தபோது, ஏரியல் நேராகச் சந்தனத்தின் வீட்டைக் காட்டியது.

"ஆத்தி" என்றாள் சந்தனம், கையில் கரண்டியோடு அன்புச்செல்வி வீட்டு வாசலுக்கு வந்து. "எங்க வீட்டுல கோழிதான இருக்கு. கோழியா கத்துது?"

அன்புச்செல்விக்குத் தர்மசங்கடம். சந்தனம் விடியலிலிருந்து இங்கே வெங்காயம் உரித்துக் கண் சிவந்து நிற்கிறாள் பாவி. ஆனாலும் ஊர் அறியச் சொன்ன சொல் இருக்கிறது. தன் தொழுவத்து ஓரத்தில் கிடந்த வாளியில் காலையில் அள்ளிய சாணி இருந்தது. அதில் தண்ணீரை ஊற்றிக் கலக்கிக்கொண்டே, "மனசுல வச்சுக்காத சந்தனம், ஒனக்குத் தெரியாமக்கூட இருந்திருக்கும்" என்றாள்.

சத்யபிரியா சந்தனத்தின் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கே நின்று திருப்பியபோது மேடு படுத்துவிட்டது. மறுபடி முன்னால் வந்தாள். வீட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். மேடு திரையின் உச்சியைப் போய் முட்டியது. மிஷினிலிருந்து ஏரியல் நோக்கி, ஏரியலிலிருந்து எதிரே, எதிரேயிருந்து மேலே என்று எல்லாருடைய கண்ணும் ஒன்றாக ஏறியது. "செவுத்துல பட்டுத் திரும்பியிருக்குக்கா" என்று சத்யபிரியா மெதுவாகச் சொன்னாள்.

அன்புச்செல்வியின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், துருப்பிடித்த பைப்பில் ஒரு பழைய டிவி ஏரியல் சாய்ந்து நின்றது. கல்யாணமான புதுசில், இலங்கை டிவி எடுக்க வேண்டுமென்று சார்லஸ் நட்டது. டிஷ் வந்த பிறகு அதைக் காக்காதான் பயன்படுத்தியது. ஞானமணி தாவி ஏறினான். பைப்பின் பாதியில் கட்டியிருந்த சின்ன டப்பாவைத் தொட்டுப் பார்த்தான்.

"மதினி, டப்பா சூடா இருக்கு. உள்ள தண்ணி எறங்கியிருக்கு. அண்ணன் மாட்டுன பூஸ்டரு. இது இன்னுமா ஓடுது?"

"மழத்தண்ணி போனதுல கிறுக்குப் புடிச்சிருக்கு" என்றாள் சத்யபிரியா. "டிவி இல்லாமலே தானா கத்திக்கிட்டிருக்கு. இதுக்குக் கரண்டு எங்கிட்டு இருந்து போவுது?"

வயரைப் பிடித்துக்கொண்டே எல்லாரும் கூடத்துக்குள் வந்தார்கள். வயர் ஜன்னல் வழியாக நுழைந்து, சுவரோரமாகப் போய், இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் முடிந்தது. படத்துக்கு முன்னே இரவும் பகலும் எரிகிற சின்னச் சிவப்பு பல்பு. யாரும் அணைத்துவிடக்கூடாது என்று அதற்கு சார்லஸ் சுவிட்சே வைக்கவில்லை. அந்த பல்பு வயரோடு சேர்த்து பூஸ்டருக்குக் கரண்டு கொடுக்கும் ஒரு கறுப்புக் கட்டை சொருகியிருந்தது. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கும்போது அந்தக் கட்டையைக் கழற்றித் துடைத்துப் பத்திரமாகத் திரும்ப மாட்டியவள் அன்புச்செல்விதான். ஆண்டவர் விளக்குக்கு உண்டான சாமான் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

அவள் அதைப் பிடுங்கினாள். "மேடு மட்டமாயிருச்சு" என்று வாசலிலிருந்து சத்யபிரியா கத்தினாள். "சுத்தமா மட்டமாயிருச்சுக்கா."

அன்புச்செல்வி திரும்பிப் பார்த்தபோது வாசலில் சந்தனம் சாணி வாளியோடு நின்றிருந்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "எங்கிட்டு ஊத்தட்டும்? பந்தலுக்கு உள்ளயா, வெளியவா?"

தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. ஷீபா சிரித்தாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு அவள் பல் தெரிந்தது. வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கினாலும், அதைப் பார்த்ததும் அன்புச்செல்வி வாளியைத் தானே வாங்கி வாசல் முழுக்க இரண்டு கையாலும் தெளித்தாள். "விசேச வீட்டுக்குச் சாணி தெளிக்கத்தான் வேணும், போங்கடி" என்றாள்.

உடனே சார்லஸுக்கு அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. அவர் வேலைத்தளத்தில் மாடியில் இருப்பார், நம்ம ஊர் நேரம் நாலு மணிக்குத்தான் இறங்குவதாகச் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சத்யபிரியாவைச் சாப்பிடாமல் அனுப்புவதில்லை என்று உட்காரவைத்து, இலையில் கேசரியை அள்ளி வைத்துக்கொண்டே, "நிச்சயமாப் போவுமாம்மா? நிச்சயமாக் கேக்குமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"கல்லப் பொறுக்கியாச்சுக்கா. தவிட்ட அந்த பில்டரு பாத்துக்கும்."

மாலையில் அன்னவாசல் வேன் வந்தது. தாம்பாளங்கள் இறங்கின. ராக்கன் வெள்ளைச் சட்டையில் வந்து நடுக்கூடத்தில், போனுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். அதே ஸ்டூல், அதே சொம்பு. மணி போனது. திரையில் சார்லஸ் வந்தார், குளித்து, தலை சீவி, பின்னால் பச்சைத் துணி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு. வெளியே சந்தனத்தின் சேவல் நேரம் கெட்ட நேரத்தில் கூவியது.

ராக்கன் தாம்பாளத்தை நீட்டினார். "பாக்கு ஒங்களுது. பொண்ணு எங்களுதா?"

சார்லஸ் பேசவில்லை.

ராக்கன் குரலை உயர்த்தினார். "சம்பந்தி, பாக்கு ஒங்களுது. பொண்ணு எங்களுதா?"

பதில் இல்லை. படம் அசையாமல் நின்றது. ஞானமணியின் கை தாம்பாளத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது. ஷீபா தலையைக் குனிந்துகொண்டாள். ராக்கன் துண்டைத் தொடுவதை அன்புச்செல்வி பார்த்தாள். ஓடிப்போய் ஸ்டூலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டுப் போனில் காதை வைத்தாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. கல்யாணம் பண்ணிய நாளிலிருந்து அவளுக்குத் தெரிந்த சத்தம் அது. விமான நிலையத்தில் ஒவ்வொரு தடவையும் கேட்கிற சத்தம்.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்கண்ணே" என்றாள். "அவுகளுக்குக் கேக்குது. கேக்குறதுனாலதான் வாய் வரல. அழுவுறாக."

ராக்கன் முன்னால் குனிந்து போனைப் பார்த்தார். சார்லஸ் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் கேக்குது சம்பந்தி" என்றார் சார்லஸ். "சேவல் கூவுனது கேக்குது. பாத்திரம் உருள்றது கேக்குது. எத்தன மாசமாச்சு."

ராக்கன் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நல்லா அழுதுட்டே சொல்லுங்க சம்பந்தி. நாங்க எங்கிட்டும் போகல. தாம்பாளந்தான் கொஞ்சம் கனக்குது." பிறகு மூன்றாம் தடவை, சின்னப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி கேட்டார். "பாக்கு ஒங்களுது. பொண்ணு எங்களுதா?"

"பாக்கு எங்களுது, பொண்ணு ஒங்களுது. பாக்கு எங்களுது, பொண்ணு ஒங்களுது. பாக்கு எங்களுது, பொண்ணு ஒங்களுது" என்றார் சார்லஸ், மூச்சு விடாமல், பாக்கி வைக்காமல். ஞானமணி தாம்பாளத்தைத் தொட்டான். கூடம் கலகலத்தது. கார்முகில் பின்வரிசையில் நின்று கண்ணைத் துடைத்ததை ஷீபா பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தாள். கேசரித் தட்டுகள் சுற்றத் தொடங்கின. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், யாரும் யாரையும் கேட்கவில்லை.

அன்புச்செல்வி ஸ்டூல் பக்கத்திலேயே இருந்தாள். பூஸ்டர் கதையை இப்போது சொல்வதா, அவர் ஊருக்கு வந்த பிறகு நேரில் வைத்து ஒரு வாங்கு வாங்குவதா என்று யோசித்தாள். நேரில்தான் நன்றாக இருக்கும் என்று முடிவு செய்தாள். சார்லஸ் போனை எதிரே வைத்தபடி, கண்ணை மூடிக் கூடத்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, வந்தவுகளுக்கு எல போடணும். கட் பண்ணட்டா?"

சார்லஸ் கண்ணைத் திறக்கவில்லை. போனின் சத்தம் முழுசாக வைத்தது வைத்தபடி இருந்ததால், அவர் சொன்னது கூடம் பூராவும், பந்தல் வரைக்கும் கேட்டது.

"வேணாம், விடு."

முதலில் சிரித்தவர் ராக்கன்தான்.